கடலடியிலிருந்து கணுக்கால் வரை

“அவன் பெரிய எம்டன்டா!” என்று நம்ம பக்கத்தில் ஒருத்தரைச் சொன்னால் அது திட்டா, பாராட்டா என்பதைச் சொல்லுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த வார்த்தை நம்ம ஊருக்கு வந்து சேர்ந்த தேதி துல்லியமாகத் தெரியும். 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஒன்பதரை மணி வாக்கில், ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. விளக்கை அடித்துக் குறிபார்த்துச் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது. பயந்துபோன ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அதே செப்டம்பர் 22-ந் தேதி காலையில், வெகு தூரத்தில், ஐரோப்பாவின் வட கடலில் இன்னொரு சம்பவம் நடந்தது. யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல், அபூகீர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் 1,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எம்டனுடைய விளக்கு வெளிச்சத்தையாவது நம்ம ஜனங்கள் பார்த்தார்கள். யு-9 எங்கே இருக்கிறது என்று அந்தக் கப்பல்களில் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை.

தண்ணீருக்கு அடியில் மறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? உலகப் போர் விஞ்ஞானிகளின் தலையில் ஏற்றிய இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான், இன்று ஆஸ்பத்திரியில் நம் கழுத்திலும் வயிற்றிலும் காலிலும் வைத்துப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட்.

மலர்க் குழுவினர் என்னைத் தொடர்பு கொண்டு, “உன் தொழிலைப் பற்றி ஏதாவது எழுது, ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுது” என்று கேட்டுக்கொண்டார்கள். என் தொழில், இரும்புக்குள்ளே ஒலியை அனுப்பி விரிசல் தேடுவது. அதே ஒலி மனிதனின் ரத்தக் குழாய்க்குள்ளே எப்படிப் போனது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வாழ்கிற நமக்கு அது ஏன் முக்கியம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவம் படித்த நம் நண்பர்கள் யாராவது இதில் குறை கண்டால் உரிமையோடு சொல்லலாம்.

கடலுக்குள் அனுப்பிய குரல்

1880-ல் பாரிஸ் நகரத்தில் ழாக், பியேர் என்ற இரண்டு கியூரி சகோதரர்கள் (பின்னாளில் மேரி கியூரியின் கணவரானவர்தான் பியேர்) ஒரு விநோதத்தைக் கண்டார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் உண்டாகிறது. அடுத்த ஆண்டே இதன் மறுபக்கமும் தெரிந்தது. மின்சாரம் கொடுத்தால் படிகம் விரிந்து சுருங்குகிறது. அதாவது, ஒரே பொருள் வாயாகவும் இருக்கும், காதாகவும் இருக்கும். அன்றைக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று யாருக்கும் தெரியவில்லை.

1912-ல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1914-ல் போர் வந்தது. பியேர் கியூரியிடம் படித்த பால் லாஞ்செவின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1917-ல் அந்தக் குவார்ட்ஸ் படிகத்தைக் கையிலெடுத்தார். இரும்புத் தகடுகளுக்கு நடுவே படிகத்தை வைத்து, மனிதக் காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வெண்ணில் கடலுக்குள் ஒலியை அனுப்பினார். ஒலி போய் மோதித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். போர் முடிவதற்குள் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி கேட்டாயிற்று. இன்னொன்றையும் அவர் கவனித்தார். அந்த ஒலிக்கு நேரே வந்த சின்ன மீன்கள் செத்தன. தண்ணீருக்குள் கையை விட்டால் வலித்தது. உயிருள்ள உடம்பில் இந்த ஒலி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் தடயம். (பயப்பட வேண்டாம். இன்று பரிசோதனைக்குப் பயன்படுவது மிகமிகக் குறைந்த சக்தி கொண்ட ஒலி.)

போருக்குப் பிறகு இந்தக் கருவி அமைதியான வேலைக்கு வந்தது. அதற்கு முன்பு கடலின் ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளப்பார்கள். இப்போது காசிமேட்டு விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் சர்வ சாதாரணம். திரையில் தெரியும் கோட்டைப் பார்த்தே ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறார்கள். அது லாஞ்செவின் பரம்பரையில் வந்த சாமான்தான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1935, 36-ம் ஆண்டுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த சர் சி. வி. ராமனும், அவரோடு ஆராய்ச்சி செய்த நாகேந்திர நாத்தும், திரவத்துக்குள் செல்லும் அல்ட்ராசவுண்ட் அதன் வழியாக வரும் ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று கணக்கு எழுதினார்கள். ‘ராமன்–நாத் கொள்கை’ என்று இன்றும் உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. திருச்சியில் பிறந்த ராமனை ஒளிக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிற நாம், ஒலிக்காகவும் நினைக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். கடல் நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். மனிதனின் மெல்லிய திசுக்களில் சராசரியாக 1,540 மீட்டர். இரும்பிலோ 5,900 மீட்டர். ஆக, ஒலியைப் பொறுத்தவரை நம் உடம்பும் ஏறக்குறைய கடல்தான்! ஆனால் ஒலி கடலிலிருந்து நேராக உடம்புக்குள் வரவில்லை. இரும்பு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வந்தது.

இரும்பு வழியாக

1928-ல் சோவியத் ரஷ்யாவின் செர்கேய் சோகோலவ், உலோகத்துக்குள் மறைந்திருக்கும் குறைகளை இந்த ஒலியால் கண்டுபிடிக்கலாம் என்றார். 1940-களில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோனும், இங்கிலாந்தில் ஸ்ப்ரூலும் அதற்கான கருவிகளைச் செய்தார்கள். அதற்குப் பெயர் ‘ஃபிளா டிடெக்டர்’.

நம் கல்லூரியில் படிப்பை முடித்து வெளியே வந்த நாள் முதல் நான் மாரடிப்பது இந்தக் கருவியோடுதான். மணலி, எண்ணூர் பக்கம் பாய்லர், பைப் லைன், டேங்க் இல்லாத தொழிற்சாலை உண்டா? வெல்டிங் போட்ட இடத்தைத் துடைத்து, கிரீஸோ கிளிசரினோ தடவி, புரோபை வைத்து நகர்த்துவோம். இரும்புக்குள்ளே விரிசல் இருந்தால் திரையில் ஒரு முள் எழும்பும். பாய்லர் குழாய்ச் சுவர் தேய்ந்து எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். எதற்குத் தடவுகிறோம்? புரோபுக்கும் இரும்புக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் சில்லென்று ஜெல் தடவுகிறார்களே, அதற்கும் இதே காரணம்தான்.

அந்த ஜெல்லுக்கும் இந்தக் கிரீஸுக்கும் உறவு ஏற்பட்ட கதை சுவையானது. கிளாஸ்கோ நம்ம வடசென்னை மாதிரி ஊர். கப்பல் கட்டும் தளம், பாய்லர் தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருப்பு என்று இருந்த இடம். அங்கே மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஐயன் டொனால்ட். போர்க்காலத்தில் விமானப் படையில் இருந்ததால் ரேடார், சோனார் விஷயங்கள் அவருக்குப் பரிச்சயம். 1955 ஜூலை 21-ந் தேதி அவர் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் கம்பெனிக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கம்பெனிக்காரர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். பாய்லர் வெல்டிங் பார்க்கிற அதே ஃபிளா டிடெக்டரைக் கட்டியின் மேல் வைத்தார்கள். நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி, கெட்டியான கட்டிக்கு வேறு மாதிரி எதிரொலி வந்தது!

அடுத்த ஆண்டு டாம் பிரவுன் என்ற, இருபதுகளில் இருந்த இன்ஜினீயர் இதைக் கேள்விப்பட்டார். கெல்வின் ஹியூஸ் கம்பெனியில் வேலை பார்த்த அவர், டெலிபோன் டைரக்டரியில் பேராசிரியரின் நம்பரைத் தேடிப் பிடித்துத் தானாகவே கூப்பிட்டுப் பேசினார். அந்த ஒரு போன் காலிலிருந்து இருவரும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். உடம்பின் மேல் நகர்த்திப் படம் எடுக்கும் கருவியைப் பிரவுன் வடிவமைத்தார். 1958-ல் டொனால்ட், மெக்விக்கர், பிரவுன் மூவரும் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மூவரில் ஒருவர் டாக்டரல்ல, இன்ஜினீயர் என்பதை நம் மாணவர்கள் மறக்கக் கூடாது.

அன்று முதல் ‘ஸ்கேன்’ என்றாலே கர்ப்பிணிகளுக்கானது என்ற எண்ணம் ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது. நம் நாட்டில் இதே கருவியைப் பெண் சிசுவை அழிக்கப் பயன்படுத்திய கொடுமையால் 1994-ல் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. ஆனால் ஸ்கேன் கருவிக்கு இன்னொரு திறமை உண்டு. அது ஓடுகிற ரத்தத்தைப் பார்க்கும்.

ரத்தம் ஓடும் ஓசை

ரயில் விசில் அடித்துக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறிக் கேட்கும். கடந்து போனதும் சட்டென்று இறங்கும். ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்தத் தத்துவத்தை 1842-ல் சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர். அவர் சொன்னது நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி. 1845-ல் ஹாலந்து நாட்டின் பைஸ் பாலட், ஓடும் ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி வாசிக்கச் சொல்லி, சங்கீத ஞானம் உள்ளவர்களைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்க வைத்து, ஒலிக்கும் இது உண்மைதான் என்று நிரூபித்தார்.

நூறு ஆண்டுக்கு மேல் கழிந்தது. 1950-களின் பின்பாதியில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிகியோ சாட்டோமுரா என்ற இயற்பியலாளர், இதயத்தை நோக்கி அல்ட்ராசவுண்டை அனுப்பி, திரும்பி வரும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைப் பிடித்தார். 1959-ல் கை கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் ஓடும் விதத்தையே பதிவு செய்தார். மறு ஆண்டே காலமாகிவிட்டார். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ரஷ்மர், ஃபிராங்க்ளின், பேக்கர் ஆகியோர் அந்த வேலையை முன்னே கொண்டு போனார்கள். யூஜீன் ஸ்ட்ராண்ட்னஸ் என்ற அறுவை மருத்துவர் அவர்களோடு சேர்ந்தார். 1974-ல் அந்தக் குழு குழாயின் படத்தையும் ரத்தத்தின் வேகத்தையும் ஒருங்கே காட்டும் ‘டியூப்ளெக்ஸ்’ கருவியை வெளியிட்டது. 1980-களில் ஜப்பானியர்கள் அதற்கு வண்ணம் சேர்த்தார்கள். கலர் டாப்ளர் வந்தது.

அதற்கு முன்னால் ரத்தக் குழாயைப் பார்க்க வழியே இல்லையா என்றால், இருந்தது. எக்ஸ்-ரே கண்டுபிடித்த மூன்று மாதத்திற்குள், 1896 ஜனவரியில் வியன்னாவில் ஒரு பிணத்தின் கையில் சாயத்தைச் செலுத்திக் குழாய்களைப் படமெடுத்துவிட்டார்கள். 1927-ல் போர்ச்சுகல் நாட்டு மோனிஸ் உயிரோடு இருப்பவரின் மூளைக் குழாய்களையும், 1929-ல் டாஸ் சான்டோஸ் வயிற்றுப் பெருந்தமனியையும் படமெடுத்தார்கள். 1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர் ஊசி வழியாகவே டியூபை நுழைக்கும் எளிய முறையைச் சொன்னார். இன்றும் ஆஞ்சியோகிராம் அந்த முறைதான். ஆனால் அதற்கு ஊசி வேண்டும், சாயம் வேண்டும், கதிர்வீச்சு உண்டு, பெரிய கூடம் வேண்டும். சிகிச்சை செய்யத் தீர்மானித்த பிறகு எடுக்க வேண்டிய படம் அது. ‘இவருக்கு நோய் இருக்கிறதா?’ என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு போக அது உதவாது. டாப்ளர் உதவும்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காலில் வைக்கும் பேனா அளவுப் புரோப் 8 மெகாஹெர்ட்ஸில் ஒலி அனுப்புகிறது. ரத்தம் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. புரோபை 60 டிகிரி சாய்த்துப் பிடிக்கிறோம். அதிர்வெண் மாற்றம் சுமார் 2,600 ஹெர்ட்ஸ் வரும். இது மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒலி! ஆகவே திரையே தேவையில்லை. சின்ன ஸ்பீக்கர் போதும். ரத்தம் ஓடுவதை அப்படியே காதால் கேட்கலாம். நல்ல காலில் சாட்டையைச் சொடுக்கினாற்போல் ஓசை வரும், பிறகு மெல்லிய எதிர் ஓசை ஒன்று. அடைப்புக்குக் கீழே கேட்டால் அந்தத் துடிப்பு செத்து, காற்று ஊதுகிற மாதிரி ஒரே இழுவையாக இருக்கும்.

அடைப்பு இருக்கும் இடத்திலேயே வைத்தால்? தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் பாய்கிற மாதிரி, குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். முன்னால் இருந்த வேகத்தைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டால் குழாய் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது என்று கணக்கு. நாம் முதலாண்டில் படித்த திரவ இயக்கவியல்தான்.

நம்ம ஊர்க் கால்கள்

இனி விஷயத்துக்கு வருகிறேன். கால் ரத்தக் குழாய் அடைப்பு நம்ம பகுதிக்குப் புதிதல்ல.

முதல் எதிரி பீடி. 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் விரிவாக எழுதியதால் ‘பர்கர் நோய்’ என்று பெயர் பெற்ற வியாதி, பெரும்பாலும் ஐம்பது வயதுக்குள் உள்ள, புகை பிடிக்கிற ஆண்களைத் தாக்குவது. கை கால் விரல்களுக்குப் போகும் குழாய்கள் வீங்கி அடைபடும். விரல் கறுக்கும், பிறகு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டி வரும். மேல் நாடுகளில் அபூர்வமாகிவிட்ட இந்த நோய் இந்தியாவில் உழைக்கும் மக்களிடையே நெடுங்காலமாக நிறையக் காணப்படுவது. மருந்து மாத்திரையைவிடப் பெரிய சிகிச்சை ஒன்றுதான். புகையிலையை அடியோடு விட வேண்டும். விட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கால் தப்பிக்கிறது.

இரண்டாவது எதிரி சர்க்கரை. இதன் வரலாற்றில் நம்ம ராயபுரத்துக்குத் தனி இடம் உண்டு. 1782-ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான், வளர்ந்து வளர்ந்து, 1938-ல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லி. நம்ம பெரியவர்கள் இன்றைக்கும் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். பசிக்குக் கஞ்சி ஊற்றிய அந்த இடத்தில், 1948-ல் பேராசிரியர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்திலேயே சர்க்கரை நோய்க்கான தனி மருத்துவமனையையும் (எம்.வி. மருத்துவமனை) நிறுவினார். ‘சர்க்கரை பணக்காரன் வியாதி’ என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள். அதில் பணக்காரன் எத்தனை பேர், நீங்களே யோசியுங்கள்.

சர்க்கரை காலை இரண்டு வழியாகத் தாக்குகிறது. நரம்பை மரத்துப் போகச் செய்கிறது, குழாயை அடைக்கிறது. மரத்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. குழாய் அடைத்த காலில் புண் ஆறாது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பெரியப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய மனுஷன். ரிட்டயர் ஆன பிறகு, “கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் புடிச்சுக்குதுடா, நின்னா சரியாயிடுது” என்பார். வயசு, வாயு, நரம்புத் தளர்ச்சி என்று ஆளாளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். ஏழெட்டு மாதம் எண்ணெய் போட்டு நீவினார்கள். வைத்தியம் பார்த்த ஓர் இடத்தில் ஊசி போட்டார்கள், இன்னோர் இடத்தில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கையில் பி.பி. பார்த்தவர்கள் உண்டு, கணுக்காலில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. செருப்பு கடித்த புண் ஆறாமல் கட்டைவிரல் கறுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாப்ளர் வைத்த டாக்டர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, “இதை ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கணும்” என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது நான் மூன்றாம் ஆண்டு மாணவன். நடந்தால் வலி, நின்றால் சரி என்றால் அது இன்ஜினீயர் பாஷையில் ‘சப்ளை பற்றாக்குறை’. லோடு ஏறும்போது மட்டும் தெரியும். எந்த எலக்ட்ரீஷியனுக்கும் புரிகிற அறிகுறி அது.

நம் சென்னையிலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையின் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் வீடு வீடாகச் செய்த ஆய்வு அது. 2000-ம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளிவந்தன. டாப்ளர் வைத்துக் கால் அழுத்தம் பார்த்ததில், சர்க்கரை இல்லாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் கால் குழாய் நோய் இருந்தது. அதே ஆய்வில் கழுத்துத் தமனிச் சுவரின் உள்தடிமனையும் அல்ட்ராசவுண்டால் அளந்தார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர், உள்ளவர்களுக்கு 0.95. பாய்லர் குழாயில் சுவர் மெலிந்தால் ஆபத்து, ரத்தக் குழாயில் தடித்தால் ஆபத்து. அளக்கிற விதம் மட்டும் ஒன்றே.

கால் மணி நேரச் சோதனை

கணுக்கால் அழுத்தம் பார்ப்பது எப்படி? ஆளைப் பத்து நிமிஷம் படுக்க வைக்க வேண்டும். இரண்டு கையிலும் பி.பி. பார்க்க வேண்டும். பிறகு அதே பட்டையைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி, புறங்காலிலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் ஜெல் தடவி, பேனா டாப்ளரை வைத்து ஓசையைப் பிடிக்க வேண்டும். காற்றடித்தால் ஓசை நிற்கும். மெதுவாக இறக்கினால் ஓர் அளவில் திரும்ப வரும். அந்த அளவுதான் கணுக்கால் அழுத்தம். அதைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 130, காலில் 78 என்றால் 0.6. நல்ல காலில் விடை ஒன்றோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். 0.4-க்குக் கீழே என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் அமுங்காது. விடை 1.4-க்கு மேல் காட்டும். ‘ஆகா, பிரஷர் பிரமாதம்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். ஓசையின் தன்மையையும் கேட்க வேண்டும். எந்தக் கருவிக்கும் அதன் எல்லை தெரிந்தவன்தான் அதை நம்பலாம். ஃபிளா டிடெக்டருக்கும் இதே விதிதான்.

சந்தேகம் உறுதியானால் கலர் டாப்ளர் ஸ்கேன் அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்று காட்டும். சிகிச்சை வேண்டுமென்றால் சி.டி. ஆஞ்சியோகிராம் முழு வரைபடத்தையும் கொடுக்கும். 1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் ஒரு மூதாட்டியின் அடைபட்ட கால் குழாயை டியூப் விட்டே விரித்து, எடுக்க இருந்த காலைக் காப்பாற்றினார். இதயத்துக்குச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்ததே காலில்தான்! சிரைகளுக்கும் அல்ட்ராசவுண்ட் உண்டு. புரோபால் அழுத்தினால் நல்ல சிரை அமுங்கும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அமுங்காது. இவ்வளவு எளிய தத்துவம்!

கால் அடைப்புக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. காலில் குழாய் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு லைனில் படிவு கண்டால் மற்ற லைன்களையும் திறந்து பார்ப்போம் அல்லவா? ஆகவே கணுக்காலில் கேட்கும் ஓசை மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முன்னறிவிப்பு.

நாம் செய்யக் கூடியது

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். கை வரைக்கும் வந்துவிட்டது. கணுக்காலுக்கு எட்ட இன்னும் இரண்டடிதான்! நம் சங்கத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஆண்டுதோறும் கூடுகிற இந்த நாளில் ரத்ததான முகாம் நடத்துகிறோம், கண் பரிசோதனை நடத்துகிறோம். அதோடு இரண்டு பேனா டாப்ளர் வாங்கி, டாக்டர்களின் துணையோடு கால் பரிசோதனை ஒன்றும் நடத்துவோம். கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் சர்க்கரை உள்ளவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், ஐம்பது வயது தாண்டிய உழைப்பாளிகள், இவர்களிலிருந்து ஆரம்பிக்கலாம். சந்தேகம் உள்ளவர்களை அடுத்த பரிசோதனைக்கு நாமே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினால் அது சட்டைப் பையிலேயே இருந்துவிடும். முதல் கருவிக்கான செலவை எங்கள் வகுப்பு நண்பர்கள் நாலு பேர் ஏற்றுக்கொள்கிறோம்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கருவியில் இரண்டு படிகம், ஒரு ஆசிலேட்டர், ஒரு ஆம்பிளிஃபயர், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு எங்கெங்கோ போய் வாங்கி வராதீர்கள். இதை உங்கள் கையால் செய்து பாருங்கள். டாம் பிரவுனுக்கு அன்று கையில் இருந்தது ஒரு டெலிபோன் டைரக்டரி. உங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஸ்டான்லி இருக்கிறது, ராயபுரம் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டுங்கள்.

இந்த மலரை மூடி வைக்கும் முன் எல்லாரும் ஒன்று செய்யலாம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பா அம்மாவை உட்கார வைத்து, பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கில் புண் இருக்கிறதா, ஒரு கால் மற்றதைவிடச் சில்லென்று இருக்கிறதா, புறங்காலில் துடிப்பு தெரிகிறதா என்று தொட்டுப் பாருங்கள். “நடந்தா கால் புடிச்சுக்குதா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் எண்ணெய் பாட்டிலைத் தேடாதீர்கள். அந்த வாரமே டாப்ளர் வைத்துப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள்.